ஹூக்ளிக் கரையில் – 7: தூக்க நாலு பேர்

1794-ஆம் ஆண்டு அக்டோபரில், வடவங்காளத்தில் மதனாவதி என்ற கிராமத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் நோயில் இறந்துபோனான். பெயர் பீட்டர். அவன் தகப்பன் வில்லியம் கேரி அந்த ஊர் அவுரிச் சாயத் தொழிற்சாலையின் மேலாளர். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். அப்படியிருந்தும் பெட்டி செய்ய ஒரு தச்சர் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. குழி வெட்ட ஆள் வரவில்லை. அந்நியர் வீட்டுப் பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும்.

கடைசியில் நான்கு முஸ்லிம்கள் சேர்ந்து வந்து குழி வெட்டினார்கள். ஒருவராக வந்தால் ஊர் ஒதுக்கிவிடும், நாலு பேராகப் போனால் ஒருவருக்கொருவர் துணை என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள். அதன்பின் உடலைச் சுமக்க வேண்டும். அதற்கும் யாரும் இல்லை. பெற்றவர்களே தூக்கிப் போவது என்று கேரியும் மனைவி டாரதியும் முடிவு செய்தபிறகுதான், வீட்டில் துப்புரவு வேலை செய்தவரும் ஏற்கெனவே சாதியிழந்த இன்னொருவரும் இரங்கி முன்வந்தார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த கேரிக்கு அப்போது நிற்கவே தெம்பில்லை. குழி வெட்டிய நால்வரையும் ஊர்த்தலைவர் தள்ளி வைத்தார். அவர்களோடு யாரும் உண்ணவோ புகைக்கவோ கூடாது என்று கட்டளை. கேரி தலையிட்டு அந்தத் தடையை நீக்க வேண்டியிருந்தது.

தூக்கிப் போக நாலு பேராவது வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஹூக்ளிக் கரையில் கேரிக்கு அந்த நாலு பேர் அமைய இன்னும் ஒன்பது ஆண்டு ஆயிற்று. இந்த இதழில் அந்த ஒன்பது ஆண்டுகளைப் பார்ப்போம்.

சென்ற இதழில் கீர்னாண்டரை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். கடலூரில் 1740 முதல் ஊழியம் செய்த ஸ்வீடன் நாட்டுக்காரர் அவர். 1758-ல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் கையில் ஒன்றுமில்லாமல் தரங்கம்பாடிக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் போனார். அங்கே லால் திகி குளத்துக்குக் கிழக்கே அவர் கட்டி 1770-ல் திறந்த ஆலயத்தைத்தான் வங்காளிகள் லால் கிர்ஜா, சிவப்புக் கோயில் என்று அழைத்தார்கள். கடனில் மூழ்கி, 1787-ல் அந்த ஆலயமே ஏலத்துக்குப் போகும் நிலை வந்தபோது கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து அதை மீட்டார். முதுமையில் கீர்னாண்டர் டச்சுக்காரர்களின் சின்சுராப் பக்கம் ஒதுங்கிவிட்டார்.

1793 நவம்பர் 11 அன்று கேரி கல்கத்தாவில் இறங்கினார். சில வாரங்களில் பண்டேலுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கே இந்த முதியவரைச் சந்தித்தார். ஒருவருக்கு எண்பதைத் தாண்டிய வயது, மற்றவருக்கு முப்பத்திரண்டு. சோழமண்டலக் கரையில் தொடங்கிய ஒரு ஊழியமும் வங்காளத்தில் தொடங்கப்போகும் ஒரு ஊழியமும் சந்தித்த இடம் அது. இந்தத் தொடரை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்தச் சந்திப்பைப் படித்தபிறகுதான்.

கேரி செருப்புத் தைக்கும் தொழிலாளி. நார்தாம்ப்டன்ஷயர் கிராமம் ஒன்றில் பிறந்து, பட்டறையில் தோலோடு தோலாக இருந்தபடியே லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்தவர். பாப்டிஸ்ட் சபையின் போதகரான பிறகும் வயிற்றுப்பாட்டுக்குச் செருப்புத் தைத்தார். 1792-ல், உலகத்தின் மற்ற நாடுகளுக்குச் சுவிசேஷம் கொண்டுபோவது தம் தலைமுறையின் கடமை என்று சிறு புத்தகம் ஒன்றை எழுதினார். எழுதியவர் தாமே புறப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் முதலில் ஏறிய ஆங்கிலக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். பிறகு டென்மார்க் கப்பல் ஒன்றில் ஏறி வந்தார். கம்பெனியைப் பொறுத்தவரை மிஷனரி என்பவர் வியாபாரத்துக்குத் தொந்தரவு. சொந்த நாட்டுக்காரரானாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கல்கத்தாவில் தொடக்கமே தடுமாற்றம். உடன் வந்த மருத்துவர் ஜான் தாமஸ் நல்ல மனிதர்; காசு மட்டும் அவர் கையில் நிற்காது. கொண்டுவந்த பணம் கரைந்தது. மாணிக்தலாவில் நீலு தத்தா என்ற வட்டித்தொழில் செய்யும் வங்காளி, தன் தோட்டத்தில் இருந்த சிறு வீட்டை இவர்களுக்கு வாடகையில்லாமல் விட்டார். இங்கிலாந்திலிருந்து சபை அனுப்பும் உதவி வந்து சேராத அந்த மாதங்களில், கேரியின் குடும்பம் தலைசாய்க்க இடம் கொடுத்தவர் ஒரு இந்து. மிஷன் வரலாற்றுப் புத்தகங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுதான் போவேன்.

அங்கிருந்து சுந்தரவனக் காட்டோரம் தேபாட்டா. அதன்பின் அவுரித் தொழிற்சாலை உரிமையாளர் ஜார்ஜ் உட்னி கொடுத்த வேலையில் மதனாவதி. மாதம் இருநூறு ரூபாய். அங்கேதான் பீட்டர் இறந்தான்.

டாரதி கேரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் இந்தியாவுக்கு வர விரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். கையில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. முதலில் வர மறுத்தார். கப்பல் தடைப்பட்ட இடைவெளியில் தாமஸ் போய் மன்றாடியபோது, தங்கை கேத்தரின் கூட வந்தால் வருகிறேன் என்று ஒரே நாளில் மூட்டை கட்டினார். பீட்டரின் மரணத்துக்குப் பிறகு அவர் மனம் கலங்கியது, திரும்பத் தெளியவேயில்லை. 1807 டிசம்பரில் இறக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் அந்த இருட்டில் இருந்தார். பக்கத்து அறையில் மனைவி கூச்சலிட, இந்தப் பக்கம் கேரி வேதாகமத்தை வங்காளத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பல பிரசங்கங்களில் கேரியின் பொறுமைக்குச் சான்றாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது டாரதியின் பாடும்கூட. விசுவாச வீரர்களின் வரிசையில் கேரியை வைத்து நாம் தேவனைத் துதிக்கும்போது, விருப்பமில்லாமல் வந்து எல்லாவற்றையும் இழந்த அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இனி செராம்பூர். ஹவுராவில் புறநகர் ரயில் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்விடலாம். ஆற்றின் அக்கரையில் பாரக்பூர், ஆங்கில கவர்னர் ஜெனரலின் கோடை மாளிகை இருந்த ஊர். இக்கரையில் டென்மார்க் கொடி. நம் தரங்கம்பாடியை ஆண்ட அதே டென்மார்க்தான். 1799 அக்டோபர் 13 அன்று, கிரைடீரியன் என்ற அமெரிக்கக் கப்பலில் வந்த நான்கு புதிய மிஷனரிகள் குடும்பங்களோடு இங்கே இறங்கினார்கள்: ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு, டேனியல் பிரன்ஸ்டன், வில்லியம் கிராண்ட். கல்கத்தாவில் இறங்கினால் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்து, நகரத்துக்குள் போகாமலே படகேறி மேலே வந்தவர்கள். கல்கத்தாப் பத்திரிகை ஒன்று பாப்டிஸ்ட் என்பதைப் பாப்பிஸ்ட் என்று அச்சிட்டுவிட்டது. நெப்போலியனோடு போர் நடந்த காலம். கத்தோலிக்கப் பாதிரி வேடத்தில் பிரெஞ்சு உளவாளிகள் வந்திருக்கிறார்கள் என்று ஆங்கில அதிகாரிகள் பதறிவிட்டார்கள். அவர்களை ஒப்படைக்கும்படி செராம்பூர் ஆளுநர் ஓலே பீயிடம் கேட்கவும் செய்தார்கள்.

ஓலே பீ மறுத்துவிட்டார். அவர் முன்பு தரங்கம்பாடியில் பணியாற்றியவர். அங்கே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த விசுவாசம் அவருடையது. பேரரசின் அதிகாரத்துக்கு எதிரே, விரல்விட்டு எண்ணும் படைபலம் மட்டுமே உள்ள ஒரு சிறு குடியேற்றத்தின் ஆளுநர், இவர்கள் என் பாதுகாப்பில் இருக்கிறார்கள் என்று நின்றார். காவிரிக் கழிமுகத்தில் சுவார்ட்ஸ் விதைத்தது ஹூக்ளிக் கரையில் முளைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் வந்திறங்கிய பதினெட்டாம் நாள், அக்டோபர் 31 அன்று, கிராண்ட் காய்ச்சலில் இறந்தார். இரண்டாண்டு முடிவதற்குள் பிரன்ஸ்டனும் போனார். மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாறாக, 1800 ஜனவரி 10 அன்று கேரியும் மதனாவதியை விட்டு வந்து அவர்களோடு சேர்ந்தார். ஆற்றோரம் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பந்தி. யார் எவ்வளவு சம்பாதித்தாலும் பொதுப் பையில் போட வேண்டும். பின்னாளில் கோட்டை வில்லியம் கல்லூரியில் கேரி வாங்கிய பெரிய சம்பளமும் அந்தப் பையில்தான் விழுந்தது. அந்த வருடமே மார்ஷ்மனின் மனைவி ஹானா பள்ளிக்கூடம் தொடங்கி, அந்த வருமானத்தில் மிஷனின் பெரும்பாகத்தைத் தாங்கினார். இவ்வளவு பேரின் சாப்பாடும், தாயின் நோயால் கவனிப்பாரற்றுப்போன கேரியின் பிள்ளைகளும் அவர் பொறுப்பில் இருந்தார்கள். செராம்பூர் மூவர் என்று கேரி, மார்ஷ்மன், வார்டு பெயரைச் சொல்லும் நாம் இந்த நாலாவது பெயரை விட்டுவிடுகிறோம்.

1800 நவம்பர் இறுதி. செராம்பூரில் கிருஷ்ண பால் என்ற தச்சருக்குக் கீழே விழுந்து கை மூட்டு நழுவிவிட்டது. மிஷன் வீட்டில் வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். தாமஸ் போனார், கூட கேரியும் மார்ஷ்மனும். மயக்க மருந்து கிடையாத காலம். கிருஷ்ண பாலை ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டி, ஆட்கள் கையைப் பிடித்து இழுக்க, தாமஸ் மூட்டைத் தள்ளி உள்ளே வைத்தார். வலியில் துடித்தவர், நான் பெரும் பாவி, என்னைக் காப்பாற்றுங்கள் என்றே திரும்பத் திரும்ப அரற்றினாராம். தாமஸ் அங்கேயே அவரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினார். அடுத்த நாட்களில் கிருஷ்ண பால் தினமும் மிஷன் வீட்டுக்கு வந்து கேட்டார். வீட்டுக்குப் போய் மனைவிக்கும் மைத்துனிக்கும் சொன்னார். நண்பர் கோகுலும் சேர்ந்துகொண்டார்.

டிசம்பர் 22 அன்று கிருஷ்ண பாலும் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்த ஒரு சாப்பாட்டின் கனம் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேதத்தைக் கேட்பதையும் ஜெபத்தில் நிற்பதையும் ஊர் பொறுத்துக்கொள்ளும். சோறு வேறு விஷயம். அந்தப் பந்தியிலிருந்து எழுந்தவர்களுக்குச் சாதி இல்லை. சாதி இல்லாவிட்டால் பெண் கொடுப்பார் இல்லை, வேலை கொடுப்பார் இல்லை, செத்தால் தூக்குவார் இல்லை. செய்தி பரவியதும் இரண்டாயிரம் பேர் கூடி, கிருஷ்ண பாலையும் கோகுலையும் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு டேனிஷ் நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள். என்ன குற்றம் என்று கேட்டால் கூட்டத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதிபதி இருவரையும் விடுவித்தார். கிருஷ்ண பாலின் வீட்டுக்கு ஓலே பீ காவலும் போட்டார்.

அந்த நெருக்கடியில் கோகுலும் பெண்களும் ஞானஸ்நானத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறோம் என்று பின்வாங்கினார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அதனால் டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, படித்துறைக்கு வந்தது கிருஷ்ண பால் ஒருவர்தான். ஆளுநர் வந்திருந்தார், ஐரோப்பியர், போர்த்துகீசியர், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று கரை நிறைந்திருந்தது. கேரி ஒரு பக்கம் தம் மூத்த மகன் பெலிக்ஸும் மறுபக்கம் கிருஷ்ண பாலும் வர, ஆற்றை நோக்கி நடந்தார். இறங்குவதற்கு முன் கூட்டத்தைப் பார்த்து, இந்த ஆற்றுக்கென்று தனிப் புனிதம் எதுவும் நாங்கள் சொல்லவில்லை, இது வெறும் தண்ணீர்தான் என்று வங்காளத்தில் சொன்னார். கங்கையின் கிளையான ஹூக்ளியின் படித்துறையில் நின்று அதைச் சொல்லத் துணிவு வேண்டும். முதலில் மகனுக்கு, பிறகு தச்சருக்கு ஞானஸ்நானம். ஓலே பீ கண்ணீரை மறைக்க முடியாமல் நின்றார். அன்று பிற்பகல் முதல் தடவையாக வங்காள மொழியில் திருவிருந்து நடந்தது.

அதே நேரத்தில் தாமஸ் எங்கே இருந்தார்? பதினேழு ஆண்டுகளுக்கு முன் கப்பல் மருத்துவராக வங்காளம் வந்ததிலிருந்து ஒரு வங்காளியின் மனமாற்றத்துக்காக ஏங்கிய மனிதர், கிருஷ்ண பாலின் முடிவைக் கேட்ட மகிழ்ச்சியிலேயே நிலை தடுமாறிப்போனார். அன்று அவரை மிஷன் வளாகத்தில் ஒரு அறையில் கட்டுக்காவலில் வைத்திருந்தார்கள். எதிர்ப்புறம் இன்னொரு அறையில் டாரதி. படித்துறைக்குப் போன ஊர்வலம் இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே நடந்துதான் போயிற்று. வார்டு இதைத் தம் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதிவைத்தார். மிஷனின் முதல் வெற்றி நாளை மெருகு பூசாமல் விட்ட அந்த நேர்மைக்காகவே வார்டின் மேல் எனக்குத் தனி மதிப்பு.

சில வாரங்களில் கிருஷ்ண பாலின் மைத்துனி ஜெய்மணி ஞானஸ்நானம் பெற்றார். வங்காளப் பெண்களில் அவரே முதல். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சானது. எழுத்து வெட்டியவர் பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர். கோகுலும் பிற்பாடு துணிந்து வந்தார். கிருஷ்ண பிரசாத் என்ற பிராமண இளைஞர் பூணூலைக் கழற்றிவிட்டு வந்தார். திருவிருந்தில் தச்சரும் பிராமணரும் ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்தில் குடித்தார்கள். 1803 ஏப்ரலில் அந்தக் கிருஷ்ண பிரசாதுக்கும் தச்சர் கிருஷ்ண பாலின் மகளுக்கும் கேரி திருமணம் நடத்திவைத்தார். பெண் வீட்டில் விருந்து. மிஷனரிகள் எல்லோரும் போய்த் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் பெயரைக்கூட மாற்றிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. கிருஷ்ணன் என்ற பெயரோடே கிறிஸ்துவைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அதே 1803 அக்டோபரில் கோகுல் இறந்தார். அந்தச் சபையின் வங்காள விசுவாசிகளில் முதல் மரணம். அதுவரை இப்படிப்பட்ட சமயத்தில் கூலிக்கு ஆள் பிடிப்பது வழக்கம். போர்த்துகீசியக் கூலிகள் குடித்துவிட்டு வந்து தூக்குவார்கள். இந்தத் தடவை அப்படி விடக்கூடாது என்று மார்ஷ்மன் உறுதியாக இருந்தார். பெட்டியின் உள்ளும் புறமும் வெள்ளை மஸ்லின் துணி ஒட்டினார்கள். தூக்கியவர்கள் நாலு பேர்: மார்ஷ்மன், பெலிக்ஸ் கேரி, பிராமணராய்ப் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற பைரவ், முஸ்லிமாய்ப் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற பீரு. வங்காளக் கீர்த்தனை பாடிக்கொண்டு தெரு வழியாகப் போனார்கள். பிராமணரின் தோளும் முஸ்லிமின் தோளும் வெள்ளைக்காரர்களின் தோளும் ஒரு சூத்திரரின் பிணத்துக்குக் கீழே ஒன்றாக இருப்பதைச் செராம்பூர் மக்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். பெலிக்ஸ், மதனாவதியில் தூக்க ஆளில்லாமல் கிடந்த பீட்டரின் அண்ணன்.

கேரியின் தைரியம் என்று பேசும்போது கடல் கடந்ததையும், நாற்பது மொழிகளுக்குமேல் செராம்பூரிலிருந்து வெளிவந்த வேதப் பகுதிகளையும், 1829-ல் சதித் தடைச் சட்டத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து வங்காளத்தில் பெயர்த்ததையும் சொல்வார்கள். எல்லாம் பெரிய காரியங்கள்தாம். ஆனால் இன்றைக்கு என் விசுவாசத்துக்கு உரம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், அந்தச் சவப்பெட்டியைத்தான் காட்டுவேன். கப்பலேறத் துணிந்தவர்கள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு, பொன்னுக்காகவும் ஏறினார்கள். அண்டை வீட்டானின் பிணத்துக்குத் தோள் கொடுப்பதற்கு வேறொரு துணிவு வேண்டும். அதில் மிகப் பெரிய பங்கு வெளிநாட்டாருடையதும் அல்ல. மார்ஷ்மனுக்குத் திரும்பிப்போக இங்கிலாந்து இருந்தது. பைரவுக்கும் பீருவுக்கும் திரும்பிப்போக எதுவும் இல்லை.

நம் கரையில் இது எப்படி நடந்தது என்று பார்க்கும்போது தலை குனிய வேண்டியிருக்கிறது. தரங்கம்பாடி மிஷன் செராம்பூருக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு மூத்தது. 1706-ல் சீகன்பால்க் இறங்கினார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது. ஆனால் ஆலயத்துக்குள் சாதிவாரியாக இடம் பிரித்தே உட்கார்ந்தார்கள். 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டன்ட் சபையின் முதல் உள்நாட்டுக் குரு. அது பெருமைக்குரிய நாள். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்து, அடியும் உதையும் வாங்கிக்கொண்டு சுவிசேஷம் சொன்னவர். பறையர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தயங்கினார்கள். அவர் கையால் மேல்சாதி விசுவாசிகள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்பது காரணம். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார். சீகன்பால்கின் வழிவந்தவர்கள் கடலுக்கு அஞ்சவில்லை, மன்னருக்கு அஞ்சவில்லை. இந்த ஒரு இடத்தில் அஞ்சினார்கள்.

பிறகு கல்கத்தாவிலிருந்தே ஒரு கட்டளை தமிழ்நாட்டுக்கு வந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், 1833 ஜூலையில், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனித்தனி இருக்கை கூடாது, நற்கருணைக்குத் தனித்தனியாய் வரக்கூடாது. வேப்பேரியில் ஒரு பகுதியினர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சாவூரில் எதிர்ப்பு கொழுந்துவிட்டது. சுவார்ட்ஸ் கையில் வளர்ந்த நம் ஞானக்கவி வேதநாயகம் சாஸ்திரியாரே அதை எதிர்த்து எழுதினார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்த எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட முடியாது. வில்சன் 1835 தொடக்கத்தில் தாமே தஞ்சாவூர்வரை வந்து பேசிப் பார்த்தார். பேராயரின் கட்டளை சரியானது, நூற்றுக்கு நூறு சரியானது. செராம்பூரில் மட்டும் சாதியில்லாத சபை வேரூன்றி இங்கே ஏன் சபை பிளந்தது என்று யோசித்தால், எனக்குத் தோன்றுவது இதுதான்: அங்கே சுற்றறிக்கை வருமுன் சோறு வந்துவிட்டது. முதல் நாளிலேயே, சபையில் ஒரே ஒரு ஆள் இருந்தபோதே, பந்தி ஒன்றாக இருந்தது. இங்கே நூறாண்டு தனித்தனியாய் உட்கார்ந்துவிட்டு, ஒரு கடிதத்தைப் படித்ததும் எழுந்து இடம் மாறச் சொன்னார்கள். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களுக்காக நம் ஊர்களில் இன்னும் சண்டை நடக்கிறது. 1803-ல் நாலு பேர் நடந்த தூரத்தை நாம் இன்னும் நடந்து முடிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலோ சென்னை குருக்குல் கல்லூரியிலோ படித்துவரும் நம் போதகர்களின் பட்டச் சான்றிதழைப் பார்த்தால், செராம்பூர்க் கல்லூரியின் செனட் என்று இருக்கும். 1818-ல் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் தொடங்கி, 1827-ல் டென்மார்க் மன்னரின் சாசனம் பெற்ற அதே கல்லூரி. கிறிஸ்தவர் அல்லாத மாணவருக்கும் முதல் நாளிலிருந்தே அங்கே இடம் உண்டு. ஆக, தமிழ்நாட்டில் பிரசங்க பீடத்தில் ஏறும் பலர் அந்த ஹூக்ளிக் கரைப் பந்தியின் வாரிசுகள்தாம்.

கிருஷ்ண பால் 1822-ல் வாந்திபேதியில் இறந்தார். தச்சுவேலையை விட்டு உபதேசியாராகி, கல்கத்தாத் தெருக்களிலும் சிறைச்சாலையிலும், வடகிழக்கே காசி மலையடிவாரம்வரையும் போய்ப் பேசியவர். கல்கத்தாவில் அவர் பேசிய சபைக்கென்று 1809-ல் போபஜாரில் திறந்த ஆலயம், இன்றும் கேரி பாப்டிஸ்ட் ஆலயம் என்ற பெயரோடு நிற்கிறது. போர்த்துகீசியர், ஆர்மீனியர், வங்காளிகள், கோட்டைச் சிப்பாய்கள் என்று பல வகையினர் கூடிய இடம். அமெரிக்காவிலிருந்து வந்த அடோனிராம் ஜட்சன், பர்மாவுக்குப் போகுமுன் 1812 செப்டம்பரில் ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அதற்கு முன் தமிழர் நாம் செராம்பூருக்குப் பட்ட நேரடிக் கடன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1806-ல் தென்னகத்தில் பயணம் செய்த கிளாடியஸ் புக்கானன், தஞ்சைப் பகுதித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதாகமம் இல்லாமல் ஏங்குவதைக் கண்டு கல்கத்தாவுக்குச் செய்தி கொண்டுபோனார். 1810 புத்தாண்டு நாளில், கீர்னாண்டர் கட்டிய ஆலயத்தின் குருவான டேவிட் பிரவுன், தமிழ்ச் சபைகளுக்கு வேதாகமம் அனுப்ப வேண்டும் என்று பிரசங்கம் செய்து காணிக்கை திரட்டினார். மறு ஆண்டு கல்கத்தா வேதாகமச் சங்கம் பிறந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடும் பொறுப்பு செராம்பூர் அச்சுக்கூடத்துக்கு வந்தது. வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1812 மார்ச் 11 மாலை, அந்த அச்சுக்கூடம் தீப்பிடித்தது. காகிதமும் கையெழுத்துப் படிகளும் எரிந்தன. ஈய எழுத்துகள் உருகி ஓடின. விடிந்ததும் வார்டு சாம்பலுக்குள் கைவிட்டுத் தேட ஆரம்பித்தார். என்ன கிடைத்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)